போட்டிப் பூசணி வளர்ப்பின் வரலாறு

போட்டிப் பூசணி வளர்ப்பு என்பது சமைப்பதற்கோ விற்பதற்கோ அல்லாமல், எடை மேடையில் ஏற்றி மற்றவர்களின் காயோடு ஒப்பிடுவதற்காகவே பூசணிக்காயை வளர்க்கும் வழக்கமாகும். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இதற்கான எடைப் போட்டிகள் நடைபெறுகின்றன. 2025 அக்டோபரில் இங்கிலாந்தின் இரட்டைச் சகோதரர்களான இயன் பேட்டன், ஸ்டூவர்ட் பேட்டன் ஆகியோரின் காய் 1,278.8 கிலோ எடையுடன் உலகச் சாதனை படைத்தது.

இந்த வரலாற்றில் ஒரு புதிர் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்டப்பட்ட 403 பவுண்டு என்னும் சாதனை 1976 வரை, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் முறியடிக்கப்படவில்லை. அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்குள் சாதனை எடை ஆறு மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது. உரம், பாசனம், பசுமைக்குடில் ஆகியவை இதற்கு உதவின. ஆனால் அடிப்படை மாற்றம் விதையைக் கையாண்ட விதத்தில் நிகழ்ந்தது. எந்த விதை எந்தக் காயைத் தந்தது என்பதை எழுதிவைத்து, அந்த விதையைப் போட்டியாளர்களுக்குள்ளேயே பகிர்ந்துகொள்ளும் வழக்கம் உருவானதே அந்த மாற்றம்.

பயிரும் பெயரும்

தமிழில் 'பூசணி' என்னும் சொல் இரண்டு வேறு பயிர்களைக் குறிக்கிறது. மேலே வெண்ணிறப் பொடி பூத்திருக்கும் சாம்பல் பூசணி, வெண்பூசணி, கலியாணப் பூசணி என்றெல்லாம் அழைக்கப்படுவது ஆசியப் பயிர். திருஷ்டிக்காக வாசலில் கட்டுவதும், ஆயுத பூசை நாளில் உடைப்பதும் இதுவே. இலங்கைத் தமிழர் இதை நீற்றுப் பூசணி என்பர். உள்ளே மஞ்சளாகவும் இனிப்பாகவும் இருக்கும் மற்றொன்று சர்க்கரைப் பூசணி, மஞ்சள் பூசணி, பரங்கி என அழைக்கப்படுகிறது. இது அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த பயிர்.

'பரங்கி' என்பது ஐரோப்பியரைக் குறிக்க வழங்கிய சொல். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த பரங்கிமலையின் பெயரிலும் இதே சொல் உள்ளது. 1498இல் போர்ச்சுக்கீசியர் இந்தியாவுக்குக் கடல்வழி கண்டபின் மிளகாய், முந்திரி, கொய்யா போன்ற அமெரிக்கப் பயிர்கள் இங்கு வந்தன. பரங்கிக்காயும் அந்த வரிசையைச் சேர்ந்தது. வந்த வழியைப் பெயரிலேயே சுமந்துகொண்டு அது தமிழர் சமையலில் கலந்துவிட்டது.

பரங்கியிலும் பல இனங்கள் உள்ளன. இந்தியாவில் பரவலாகப் பயிராவது குகர்பிட்டா மொஸ்காட்டா என்னும் இனம். எடைப் போட்டிகளில் இடம்பெறுவது குகர்பிட்டா மாக்சிமா. இதன் காட்டு முன்னோர் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. அங்குள்ள பழங்குடி உழவர்கள் இதைப் பல நூற்றாண்டுகளாகப் பொறுக்கி வளர்த்துப் பயிராக்கினர். 'மாக்சிமா' என்றால் லத்தீனில் 'மிகப் பெரியது' என்று பொருள்.

கண்காட்சிகளின் தொடக்கம்

காய்கனிகளின் அளவை வைத்துப் போட்டி நடத்தும் வழக்கம் பூசணியில் தொடங்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் இங்கிலாந்தின் வடபகுதியில், நெசவாளர்களும் தொழிலாளர்களும் கூஸ்பெர்ரிப் பழத்துக்கு எடைப் போட்டிகள் நடத்தினர். கூஸ்பெர்ரி நம் நெல்லியிலிருந்து வேறான புதர்ச்செடி. யார்க்ஷயர் பகுதியின் எக்டன் பிரிட்ஜ் என்னும் ஊரில் 1800இல் தொடங்கிய கூஸ்பெர்ரிப் போட்டி இன்றும் நடைபெறுகிறது.

இந்தப் போட்டிகளின் முடிவுகள் ஆண்டுதோறும் அச்சிடப்பட்டன. வென்ற பழத்தின் பெயரும் எடையும் அதில் இடம்பெற்றன. அந்த ஏடுகளைப் பரிணாமக் கொள்கையாளர் சார்லஸ் டார்வின் பயன்படுத்தினார். வளர்ப்பு விலங்குகளிலும் பயிர்களிலும் ஏற்படும் மாறுபாடுகளைப் பற்றி 1868இல் அவர் வெளியிட்ட நூலில், காட்டுக் கூஸ்பெர்ரி 120 கிரெயின், அதாவது சுமார் 8 கிராம் எடை உள்ளது என்றும், 1852இல் 'லண்டன்' என்னும் வகை 895 கிரெயின், அதாவது சுமார் 58 கிராம் எடையை எட்டியது என்றும் காட்டினார். நல்ல பராமரிப்பும் தொடர்ந்த பொறுக்கலும் சேர்ந்தே இந்த வளர்ச்சியைத் தந்தன என்பது அவர் கருத்து. தொழிலாளர்களின் பொழுதுபோக்கு ஓர் அறிவியல் சான்றாக மாறியதற்கு, அவர்கள் எடையை எழுதிவைத்ததே காரணம்.

பூசணியைப் பொறுத்தவரை, தொடக்க காலப் பதிவுகளில் ஒன்று அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவுடையது. காந்தியின் சிந்தனையில் தாக்கம் ஏற்படுத்தியவர் என்ற வகையில் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமான பெயர் இது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்டு ஊரில் வாழ்ந்த தோரோ, 1857இல் அரசு காப்புரிமை அலுவலகம் வழியாக வந்த ஆறு பிரெஞ்சுப் பூசணி விதைகளை நட்டார். அவற்றில் இரண்டு முளைத்தன. ஒரு கொடியில் காய்த்த ஒற்றைக் காய் 123.5 பவுண்டு, அதாவது 56 கிலோ இருந்தது. மற்றொரு கொடியில் நான்கு காய்கள் சேர்ந்து 186.25 பவுண்டு இருந்தன. பெரிய காய் அவ்வாண்டு வட்டாரக் கண்காட்சியில் பரிசு பெற்றது. அதை வாங்கியவர் விதைகளை ஒன்று பத்து சென்ட் வீதம் விற்க எண்ணியிருந்ததாகத் தோரோ குறிப்பிடுகிறார். பெரிய காயின் மதிப்பு அதன் சதையில் அல்ல, விதையில் உள்ளது என்பது அன்றே உணரப்பட்டிருந்தது.

கோடெரிச் ஊரின் வார்னாக்

பூசணியை உலக அரங்குக்குக் கொண்டுவந்தவர் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தைச் சேர்ந்த வில்லியம் வார்னாக். இன்று ஈழத் தமிழர்கள் பெருமளவில் வாழும் மாகாணம் அது. ஹூரான் ஏரிக்கரையில் உள்ள கோடெரிச் அவருடைய ஊர். 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அவர் வைத்த காய் 365 பவுண்டு எடை கொண்டது. சுவாமி விவேகானந்தர் உரையாற்றிய சர்வசமயப் பேரவை இந்தக் கண்காட்சியை ஒட்டியே நடைபெற்றது. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் வார்னாக்கின் காய் 400 பவுண்டை எட்டியது. அடுத்து செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்காக அவர் வளர்த்த காய் 403 பவுண்டு, அதாவது 183 கிலோ இருந்தது.

அதன்பின் வளர்ச்சி நின்றது. பெரிய பூசணி விதைகளை வணிகர்கள் விற்றார்கள். ஊர்க் கண்காட்சிகளும் நடந்தன. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் சர்க்கிள்வில் நகரம் 1903 முதல் பூசணித் திருவிழாவை நடத்திவருகிறது. ஆனால் திறந்த வயலில் தேனீக்களின் விருப்பப்படி மகரந்தம் கலந்த விதைகள், தாய்க்கொடி எது, தந்தைக்கொடி எது என்ற குறிப்பின்றி உறைகளில் அடைக்கப்பட்டு விற்கப்பட்டன. ஓர் ஊரில் கிடைத்த நல்ல காயின் குணம் அடுத்த ஊர்ப் போட்டியாளரிடம் அப்படியே போய்ச் சேர வழியில்லை. 1976இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த பாப் ஃபோர்டு 451 பவுண்டுக் காயை வளர்த்தபோதுதான் வார்னாக்கின் சாதனை முறிந்தது.

ஹாவர்டு டில்லும் அட்லாண்டிக் ஜயன்ட் வகையும்

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் உள்ள விண்ட்சர், பழைய வேளாண் ஊர். அங்கு 1765இல் தொடங்கிய வேளாண் கண்காட்சி இன்றும் நடைபெறுகிறது. அந்த ஊரின் உழவர் ஹாவர்டு டில் (1934–2008), தாவர மரபியலில் முறையான பயிற்சி பெறாதவர். தம் வயலில் பெரிய பூசணி வகைகளை ஒன்றோடொன்று கலந்து, ஒவ்வோர் ஆண்டும் சிறந்த காயின் விதையை மட்டும் அடுத்த ஆண்டுக்கு எடுத்துவைத்தார். பல ஆண்டுகள் நீடித்த இந்தப் பொறுக்கலில் 'அட்லாண்டிக் ஜயன்ட்' என்னும் வகை உருவானது.

1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் டில் எடைப் போட்டிகளில் முதலிடம் பெற்றார். 1980இல் அவருடைய காய் 459 பவுண்டு எடையுடன் புதிய சாதனையானது. 1981இல் அவரே அதை 493.5 பவுண்டாக உயர்த்தினார். அட்லாண்டிக் ஜயன்ட் வகைக்கு அமெரிக்காவில் பயிர் இரகப் பாதுகாப்புச் சான்றிதழும் பெற்றார்.

இந்த இடத்தில் வரலாறு வேறு திசையிலும் போயிருக்கக்கூடும். வென்ற விதையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு டில் பல ஆண்டுகள் வென்றுகொண்டிருந்திருக்கலாம். மாறாக, அவர் விதையை விற்றார். தம்மைத் தோற்கடிக்கக்கூடியவர்களின் கைக்கே அது சென்றது. சில ஆண்டுகளில் அவருடைய சாதனையை மற்றவர்கள் கடந்தனர். இன்று எடை மேடைக்கு வரும் பெரும்பூசணிகள் ஏறக்குறைய எல்லாமே அட்லாண்டிக் ஜயன்ட் வழித்தோன்றல்கள். டில்லின் பெயர் சாதனைப் பட்டியலில் கீழே இறங்கினாலும், அவருடைய விதை எல்லாச் சாதனைகளுக்கும் அடியில் நிற்கிறது. விண்ட்சர் ஊரில் 1999இல் தொடங்கிய பூசணிப் படகுப் போட்டியில், குடைந்த பெரும்பூசணிகளில் அமர்ந்து துடுப்பு வலித்து ஏரியைக் கடந்தனர்.

சாதனைகளின் வரிசை

1893: வில்லியம் வார்னாக், கனடா, 166 கிலோ
1900: வில்லியம் வார்னாக், கனடா, 181 கிலோ
1976: பாப் ஃபோர்டு, அமெரிக்கா, 205 கிலோ
1981: ஹாவர்டு டில், கனடா, 224 கிலோ
1996: பாலா ஜெர், நேதன் ஜெர், அமெரிக்கா, 481 கிலோ (முதன்முறையாக 1,000 பவுண்டுக்கு மேல்)
2012: ரான் வாலஸ், அமெரிக்கா, 911 கிலோ (முதன்முறையாக 2,000 பவுண்டுக்கு மேல்)
2014: பெனி மையர், சுவிட்சர்லாந்து, 1,054 கிலோ (முதன்முறையாக 1,000 கிலோவுக்கு மேல்)
2016: மத்தியாஸ் வில்லெமெய்ன்ஸ், பெல்ஜியம், 1,190 கிலோ
2021: ஸ்டெஃபானோ குட்ரூபி, இத்தாலி, 1,226 கிலோ
2023: டிராவிஸ் கீங்கர், அமெரிக்கா, 1,247 கிலோ
2025: இயன் பேட்டன், ஸ்டூவர்ட் பேட்டன், இங்கிலாந்து, 1,278.8 கிலோ

இடையில் வந்த சாதனைகள் சில இந்தப் பட்டியலில் விடப்பட்டுள்ளன. கனடாவில் தொடங்கிய சாதனை வரிசை அமெரிக்காவுக்கும், 2014க்குப் பின் ஐரோப்பாவுக்கும் மாறிச் செல்வதைக் காணலாம். விதை எங்கெல்லாம் சென்றதோ அங்கெல்லாம் சாதனையும் பின்தொடர்ந்தது.

விதையின் வம்சாவளி

போட்டியாளர்கள் விதைக்குப் பெயரிடும் முறை எளிமையானது. காயின் எடையைப் பவுண்டில் எழுதி, அதனுடன் வளர்த்தவரின் குடும்பப் பெயரைச் சேர்ப்பார்கள். 2012இல் ரான் வாலஸ் வளர்த்த 2,009 பவுண்டுக் காயின் விதை '2009 வாலஸ்' எனப்படும். இங்கே 2009 என்பது ஆண்டு அல்ல, எடை. அந்தக் காய்க்குத் தாயாக இருந்த விதை எது, மகரந்தம் தந்த கொடி எது என்பதும் உடன் குறிக்கப்படும். இவ்வாறு ஒவ்வொரு காய்க்கும் ஒரு வம்சாவளி உருவாகிறது.

இந்தப் பெயரே நம்பகத்தன்மையைத் தருகிறது. எடை மேடையில் பலர் பார்க்க நிறுத்தப்பட்ட எடை என்பதால் அதைக் கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு விதையின் பிள்ளைகள் பல வயல்களில் எப்படி வளர்ந்தன என்பதை அடுத்த ஆண்டே ஒப்பிட்டுப் பார்க்கலாம். தாய்க்காய் பெரிதாக இருந்தும் பிள்ளைகள் சிறுத்தால் அந்த விதை கைவிடப்படும். நடுத்தரமான காயின் விதை பல இடங்களில் பெரிய காய்களைத் தந்தால் அதற்கு மதிப்பு கூடும். புகழ்பெற்ற காயின் ஒற்றை விதை பல நூறு டாலருக்கு ஏலம் போனதுண்டு. அதே வேளையில் உறையில் தபால்தலை ஒட்டி அனுப்பினால் இலவசமாக விதை தருபவர்களும் உள்ளனர்.

போட்டி என்றால் மறைத்துவைப்பது இயல்பு. இங்கு நிலைமை மாறுபட்டது. தம் விதை பல கைகளுக்குப் போய்ப் பலரிடமும் நன்றாகக் காய்த்தால்தான் வளர்த்தவரின் பெயர் வம்சாவளியில் நிலைக்கும். எனவே பகிர்வதில் தன்னலமும் கலந்திருக்கிறது. பல்கலைக்கழகமோ பெரிய விதை நிறுவனமோ முன்னின்று நடத்தாமல், ஆசிரியர், கணக்கர், நாற்றங்கால்காரர், ஓய்வுபெற்றவர் எனப் பல தொழில் செய்பவர்கள் சேர்ந்து ஒரு பயிரை இந்த அளவுக்கு மாற்றியதற்கு இதுவே காரணம்.

வளர்க்கும் முறை

வட அமெரிக்காவில் ஏப்ரல் மாதக் கடைசியில் விதை வீட்டுக்குள் முளைக்கவைக்கப்படுகிறது. குளிர் குறைந்ததும் நாற்று வயலில் நடப்படும். ஒரு கொடிக்குப் பல நூறு சதுர அடி நிலம் ஒதுக்கப்படுகிறது. முதன்மைக் கொடியிலிருந்து இருபக்கமும் பக்கக்கொடிகள் விலா எலும்புகள் போலப் பரவும்படி ஒழுங்குபடுத்துவர். கணுக்கள் மண்ணால் மூடப்படுவதால் அங்கெல்லாம் புதிய வேர் இறங்கும்.

ஜூன் இறுதியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ மகரந்தச் சேர்க்கை கையால் செய்யப்படுகிறது. மறுநாள் மலரவிருக்கும் பெண் பூவை முந்தைய மாலையே மூடிக் கட்டிவிடுவர். அதிகாலையில் விரும்பிய கொடியின் ஆண் பூவைப் பறித்து, அதன் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவி, மறுபடியும் மூடுவர். தேனீ கொண்டுவரும் வேறு மகரந்தம் சேராமல் காக்கும் இந்தச் சிறு வேலையில்தான் வம்சாவளியின் உண்மை அடங்கியிருக்கிறது.

சில பிஞ்சுகள் பிடித்ததும் சிறந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளி எறிவர். கொடியின் மொத்த உழைப்பும் அந்த ஒன்றுக்கே போகும். வளர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது காய் நாளொன்றுக்கு 20 கிலோவுக்கு மேல் எடை கூடுவதுண்டு. வெயிலில் தோல் இறுகி வெடிக்காதிருக்கத் துணி நிழல் தேவை. அடியில் ஈரம் தங்கி அழுகாதிருக்க மணலோ கித்தானோ விரிக்கப்படும். பெரிய காயைத் தூக்கி நிறுக்க முடியாது என்பதால், சுற்றளவையும் மேல்வளைவுகளையும் அளவு நாடாவால் அளந்து, அட்டவணையைப் பார்த்து எடையை மதிப்பிடுவர்.

இவ்வளவு உழைப்பும் ஒரே காயில் தங்கியிருப்பதால் இழப்பும் முழு இழப்பாகவே இருக்கும். மழைக்குப் பின் காய் திடீரென்று பெருத்தால் பிளக்கலாம். காம்பில் ஏற்படும் விரிசல் உள்ளே இறங்கலாம். எலியின் ஒரு கடி போதும், நான்கு மாத வேலை வீணாகிவிடும்.

எடை மேடை

கலிபோர்னியா மாநிலத்தின் ஹாஃப் மூன் பே ஊரில் 1974 முதல் எடைப் போட்டி நடந்துவருகிறது. ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க் நகரப் போட்டி ஐரோப்பாவில் புகழ்பெற்றது. மினசோட்டா மாநிலத்தில் தோட்டக்கலை ஆசிரியராக உள்ள டிராவிஸ் கீங்கர், 2023இல் தம் சாதனைக் காயை வண்டியில் ஏற்றிப் பல மாநிலங்களைக் கடந்து ஹாஃப் மூன் பே கொண்டுசென்றார்.

பல நாடுகளில் நடக்கும் போட்டிகளுக்குப் பொதுவான விதிகளை 'கிரேட் பம்ப்கின் காமன்வெல்த்' என்னும் அமைப்பு வகுத்துள்ளது. காய் அழுகாமல் இருக்கவேண்டும். உட்குழி வரை செல்லும் ஓட்டையோ விரிசலோ இருந்தால் எவ்வளவு கனமான காயும் பரிசுப் போட்டியிலிருந்து நீக்கப்படும். பச்சை, சாம்பல் நிறக் காய்கள் 'ஸ்குவாஷ்' என்னும் தனிப் பிரிவில் சேர்க்கப்படும். அழகுக்கோ சுவைக்கோ மதிப்பெண் இல்லை. தராசு காட்டும் எண் மட்டுமே தீர்ப்பு.

போட்டி முடிந்ததும் காயைப் பிளந்து விதையை எடுத்து உலர்த்துவர். இந்தப் பெருங்காய்களின் சதை நீர்த்தன்மையும் நாரும் மிகுந்து, சுவை குறைந்து இருக்கும். சில காய்கள் சிற்பமாகச் செதுக்கப்படுகின்றன. சில கால்நடைகளுக்கும் விலங்குக் காட்சிச்சாலைகளுக்கும் தீவனமாகப் போகின்றன. எடை என்னும் ஒரே குணத்தைத் தொடர்ந்து பொறுக்கியதற்கு இந்தப் பயிர் தந்த விலை அதன் சுவை எனலாம்.

பெருங்காயின் உடலியல்

இந்தக் காய்கள் எதனால் இவ்வளவு பெருக்கின்றன என்பதைத் தாவரவியலாளர் ஜெசிகா சாவேஜும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2015இல் கட்டுரை வெளியிட்டனர். போட்டிப் பூசணியின் இலைகள் மற்ற வகைகளின் இலைகளைவிடக் கூடுதல் திறனுடன் ஒளிச்சேர்க்கை செய்யவில்லை. இலையில் உருவாகும் சர்க்கரையைக் காய்க்குக் கொண்டுசெல்லும் புளோயம் என்னும் குழாய்த் திசுவே இவற்றில் அதிகமாக இருந்தது. வாய்க்கால் அகலமானதால் காய்க்குள் செல்லும் சரக்கு கூடியது. எடையை மட்டுமே பார்த்து விதை பொறுக்கிய வளர்ப்பாளர்கள், தாம் அறியாமலேயே இந்த உள்ளமைப்பையும் பொறுக்கி வந்துள்ளனர்.

காய் பெருக்கும்போது தன் எடையாலேயே தட்டையாகிறது. அதனால்தான் சாதனைக் காய்கள் உருண்டையாக இல்லாமல், காற்று இறங்கிய பந்து போலத் தரையில் சரிந்து கிடக்கின்றன.

தமிழ்நாட்டுச் சூழல்

எடைப் போட்டிகள் வளர்ந்த ஊர்கள் பெரும்பாலும் வட அகலாங்கு 37 பாகைக்கும் 52 பாகைக்கும் இடைப்பட்டவை. விண்ட்சர் ஊரில் ஜூன் மாதத்தில் பகல் 15 மணி நேரத்துக்கும் மேல் நீளும். இரவு குளிர்ந்திருக்கும். பகலில் உருவாகும் சர்க்கரை இரவில் சுவாசத்தில் வீணாவது அங்கு குறைவு.

செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் நிலைமை நேர்மாறானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே உள்ள நெம்மேலியில், கிழக்கே வங்கக் கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உள்ளன. அங்கு மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கோடையில் இரவு வெப்பநிலை பெரும்பாலும் 25 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவதில்லை. கடலோர மணற்பாங்கான நிலம் நீரையும் சத்தையும் நெடுநேரம் பிடித்துவைக்காது. கால்வாயும் கடலும் அருகில் இருப்பதால் உவர்ப்பும் ஓர் இடர். காய் முற்றும் காலத்தில் வடகிழக்குப் பருவமழை வந்தால் இலை நோய்களும் அழுகலும் சேர்ந்துகொள்ளும். அட்லாண்டிக் ஜயன்ட் விதையை இங்கு விதைத்தால் முளைக்கும். அதன் வழக்கமான எடையை எதிர்பார்க்க முடியாது.

குளிர்ந்த இரவுகள் உள்ள பகுதி நீலகிரி. உதகைத் தாவரவியல் பூங்காவின் வரலாறும் காய்கறியில் தொடங்குகிறது. 1840களில் அங்கு குடியிருந்த ஐரோப்பியர் தங்களுக்கான காய்கறிகளைப் பயிரிடச் சந்தா சேர்த்து ஒரு தோட்டம் அமைத்தனர். பின்னர் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து வந்த வில்லியம் மெக்ஐவர் அதைத் தாவரவியல் பூங்காவாக உருவாக்கினார். உதகை மலர்க் கண்காட்சி 1896இல் தொடங்கியது. குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சியும், கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சியும் கோடை விழாவின் பகுதிகள். காய்கறிகளாலும் பழங்களாலும் அமைக்கப்படும் பெரிய உருவங்களே இவற்றில் மக்களைக் கவர்கின்றன. அங்கு காய் ஓர் அலங்காரப் பொருள். எடைப் போட்டியில் காய் ஒரு பதிவு. இரண்டு மரபுகளுக்கும் உள்ள வேறுபாடு இது.

தமிழ்நாட்டில் பரங்கி பொறுக்கப்பட்ட திசையும் வேறு. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த சைதாப்பேட்டையில் 1865இல் தொடங்கிய அரசு ஆய்வுப் பண்ணையும், அதையொட்டி எழுந்த வேளாண் பள்ளியும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூருக்கு மாறிய வேளாண் கல்விக்கு முன்னோடிகள். இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அந்த மரபில் வந்தது. அது வெளியிட்ட பரங்கி இரகங்கள் 'கோ 1', 'கோ 2' எனப் பெயர் பெற்றன. 'கோ' என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும். இவற்றில் கோ 2 சிறிய காய் தரும் இரகம். ஒரு குடும்பம் ஒரே வேளையில் சமைத்து முடிக்கக்கூடிய காய்க்குச் சந்தையில் தேவை இருந்ததால், இங்கு ஆய்வு பெரிதிலிருந்து சிறிதை நோக்கி நடந்தது. பெண் பூக்களைக் கூட்டிப் பல காய்களைப் பெற எத்ரல் என்னும் வளர்ச்சி ஊக்கியைத் தெளிக்கவும் உழவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. போட்டியாளர் ஒரு காயைத் தவிர எல்லாவற்றையும் கிள்ளுகிறார். தமிழ்நாட்டு உழவர் எத்தனை காய் பிடிக்கும் என்று பார்க்கிறார்.

வீட்டுத் தோட்டங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. மார்கழியில் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் வைக்கப் பறிப்பது பூசணிப்பூ. காய்க்காத ஆண் பூவைப் பறிப்பதால் விளைச்சல் குறைவதில்லை. நன்றாகக் காய்த்த கொடியின் ஒரு காயை முற்றவிட்டு, விதையைச் சாம்பலில் புரட்டி உலர்த்தி அடுத்த ஆண்டுக்கு வைப்பதும், கேட்ட அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதும் வழக்கம். விதையைப் பொறுக்குவதிலும் பகிர்வதிலும் இந்தப் பெண்களும் உழவர்களும் கனடா நாட்டுப் போட்டியாளர்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர். ஒன்று மட்டும் இங்கு விடுபட்டது. எந்த விதை, எந்த ஆண்டு, எத்தனை காய், என்ன எடை, என்ன சுவை என்பது எழுதப்படவில்லை. வைத்திருந்தவர் மறைந்தபோது விதையோடு அதன் வரலாறும் மறைந்தது.

பதிவின் பயன்

இந்தியாவில் 2001ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், உழவர்கள் தாம் பேணிய இரகங்களைத் தம் பெயரில் பதிவுசெய்ய வழி தந்துள்ளது. விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும் உழவருக்குள்ள உரிமையையும் அது ஏற்கிறது. பதிவுசெய்ய வேண்டுமானால் அந்த இரகத்தின் இயல்புகளைச் சொல்லவேண்டும். நிறம், வடிவம், காய்க்கும் நாள், எடை, நோய் தாங்கும் தன்மை ஆகியவற்றைப் பல பருவங்களில் குறித்துவைத்தவரால்தான் அதைத் தயக்கமின்றிச் செய்ய முடியும்.

போட்டிப் பூசணியின் வரலாறு இவ்விடத்தில் பயன்படுகிறது. ஆயிரம் கிலோ எடையுள்ள, சமைக்க உதவாத காய் தமிழ்நாட்டுக்குத் தேவையில்லை. உவர் நிலத்தைத் தாங்கும் பரங்கி, மழையில் அழுகாத பரங்கி, அறுத்தபின் பல மாதம் கெடாத பரங்கி ஆகியவை தேவை. இவையும் பொறுக்கலால் மேம்படக்கூடிய குணங்களே. டில்லும் அவருக்குப் பின்வந்தவர்களும் பயன்படுத்திய அடிப்படைக் கருவிகள் விலையுயர்ந்தவை அல்ல. பூவைக் கட்ட ஒரு துண்டு நூல், காயை நிறுக்க ஒரு தராசு, விதை உறையின்மேல் எழுத ஒரு பேனா ஆகியவையே அவை.